மைக்கம்மா ரிட்டர்ன் டைப் கற்ற கதை

எங்கள் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்புச் செய்கிறவளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் மைக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அவளுடைய கண்ணாடி அறையும் என் விசாரணை கவுன்ட்டரும் ஒட்டினாற்போல இருக்கும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஒரு சின்ன ஜன்னல். கேட்டவனுக்கு மட்டும் பதில் சொல்வது என் வேலை. கேட்டவன், கேட்காதவன், பெஞ்சில் குறட்டை விடுகிறவன் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது அவள் வேலை.

எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட, "அண்ணா, தண்டவாளத்துக்குக் கீழ எதுக்கு இவ்வளவு ஜல்லி கொட்டி வச்சிருக்காங்க?" என்பாள். "ரயிலுக்குக் கால் சுடாம இருக்க" என்பேன் நான். சிரிக்கவே மாட்டாள். நேராக லைன் வேலைக்காரர்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் எனக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் கை கழுவுவாள்.

இப்படிப்பட்டவள் தலையில் ஒரு நாள் இடி விழுந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு: இனி அறிவிப்புகளை மெஷின் பேசும். மைக்கம்மாவுக்கு இரண்டு வழி. மெஷினுக்கான தகவல்களைக் கவனிக்க இங்கேயே ஒரு புதிய பிரிவு வருகிறது. அதற்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தேர்வு வைப்பார்கள், தேறியவர்களிலிருந்து தலைமை அலுவலகம் ஆள் எடுக்கும். எடுக்கவில்லையென்றால், லைனின் கடைசி ஸ்டேஷனில் இருக்கும் பார்சல் ஷெட். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். அவள் புருஷனுக்கு இங்கே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். கடையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பெண்ணின் படிப்பை நடுவில் கலைக்கவும் மனசு வராது. இங்கே இடம் கிடைக்கவில்லையென்றால் குடும்பம் இரண்டாகும்.

"என்னம்மா பண்ணப்போறே?" என்று கேட்டேன்.

"படிக்கப்போறேன் அண்ணா. மெஷினுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடலாமே" என்றாள். பயமும் இருந்தது. ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு ஆசைதான் முன்னால் வந்து நின்றது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஸ்டேஷன் மாடியில் வகுப்பு. நானும் போய் உட்கார்ந்தேன். நான் ஓய்வு பெறப்போகிறவன், தேர்வும் கிடையாது ஒன்றும் கிடையாது. அந்த அறையில் ஏ.சி. இருந்தது, அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க வந்தவள் சின்ன வயசுப் பெண். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது, பிறகு சுதாரித்துக்கொண்டாள்.

"ரயில்னு ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு மாதிரி, எழுதுவோம்" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு ரயிலுக்கும் எண் உண்டு, நேரம் உண்டு, பிளாட்பாரம் உண்டு. அந்த ரயிலிடம் சில வேலைகளைச் சொல்லலாம், அந்த வேலைக்குப் பெயர் மெத்தட். மெத்தடை எழுதும்போது பெயருக்கு முன்னால், வேலை முடிந்ததும் அது எந்த மாதிரிப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் என்று சொல்லிவிட வேண்டும். எண்ணைக் கொடுக்கும் என்றால் இன்ட். எழுத்தாகக் கொடுக்கும் என்றால் ஸ்ட்ரிங். ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைக் கொடுக்கும் என்றால் பூலியன். வேலையை மட்டும் செய்யும், கையில் ஒன்றும் கொடுக்காது என்றால் வாய்ட். இதுதான் ரிட்டர்ன் டைப்.

மைக்கம்மா அன்றைக்கே எழுதிவிட்டாள். பிளாட்பாரம் எதுவென்று திரையில் சொல்லும் ஒரு மெத்தட், வாய்ட் என்று போட்டு. புரோகிராமை ஓட்டினாள். திரையில் பளிச்சென்று 'பிளாட்பாரம் 2' என்று வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் ஏ.சி. குளிரில் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் கை தட்டினேன்.

வினை அடுத்த வாரம் வந்தது. இரண்டு ரயில்களுக்கு ஒரே பிளாட்பாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ரயிலிடம் கேள், இரண்டாவது ரயிலிடம் கேள், இரண்டு பதிலையும் ஒப்பிட்டுப் பார். ஓட்டினால் சிவப்பில் ஒரு திட்டு. உன் மெத்தட் வாய்ட், அதனிடமிருந்து ஒன்றும் வராது, எதை வைத்து ஒப்பிடுவது என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"அதான் சொல்லுதே! திரையில கொட்டை எழுத்துல வருதே!" என்றாள் மைக்கம்மா.

"சொல்லுதுக்கா. குடுக்கலையே" என்றாள் அந்தப் பெண்.

"சொன்னா குடுத்த மாதிரிதானே?"

"இல்லக்கா."

அந்தப் பெண்ணும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். திரையில் காட்டுவது வேறு, கூப்பிட்ட இடத்துக்குத் திருப்பிக் கொடுப்பது வேறு என்றாள். மைக்கம்மாவுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. ஏறாததில் ஆச்சரியமும் இல்லை. வாழ்நாளெல்லாம் அவள் சொன்னதைத்தானே ஜனங்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்? பிளாட்பாரம் நான்கு என்று இவள் வாயைத் திறந்தால், மூட்டையும் முடிச்சுமாக ஒரு கூட்டமே நான்குக்குப் பாய்கிறது. சொல்வது வேறு, கொடுப்பது வேறு என்றால் அவள் எப்படி நம்புவாள்? நானாக இருந்தாலும் சண்டைதான் போட்டிருப்பேன்.

வாய்ட் என்று இருந்ததை இன்ட் என்று மாற்றிப் பார்த்தாள். எண்ணைக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒன்றும் கொடுக்கவில்லையே, ரிட்டர்ன் எங்கே என்று மறுபடியும் சிவப்புத் திட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏதோ ஒரு எண்ணைக் குடுத்துத் தொலையேம்மா. அதுக்கு வேண்டியது ஒரு எண்ணுதானே?" என்றேன். மேலிடத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு நான் இதுவரை பதில் அனுப்பிய முறை அது.

கடைசி வரியில் பூஜ்யத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதினாள். சிவப்பு மறைந்தது. இரண்டு பேரும் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரிப் பார்த்துக்கொண்டோம். ஓட்டினாள். திரை இப்படிச் சொன்னது: 'பிளாட்பாரம் 2. பிளாட்பாரம் 5. இரண்டும் ஒரே பிளாட்பாரம்.'

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஆனால் மாடிப்படி இறங்கும்போது, "வாய் சரியாத்தான் சொல்லுது. ஆனா அந்தப் பக்கம் ரெண்டு தடவையும் பூஜ்யம்தான் போகுது, பூஜ்யமும் பூஜ்யமும் ஒண்ணுதானே. ரெண்டும் அஞ்சும் போற வழியில எங்கே அண்ணா காணாமப்போச்சு?" என்று கேட்டாள். நான் என்ன கண்டேன்! என் அருமையான யோசனையால் வந்த கூத்து என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அதற்கு விடை, சட்டையெல்லாம் கிரீஸோடு, நடைமேடைப் படியேறி வந்தது.

யார்டு என்பது ஸ்டேஷனுக்கு வெளியே பெட்டிகளை இழுத்துச் சேர்க்கிற இடம். அங்கே கேபினில் இருப்பவரை யார்டுக்காரர் என்போம். எந்த ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மைக்கம்மாவுக்குத்தான் போன் போடுவார். ஆளைக் கண்டாலே இரண்டு பேருக்கும் ஆகாது. 'எப்பப் பார்த்தாலும் எரிஞ்சு விழற மனுஷன்' என்பாள் இவள். காரணம் என்னவென்று நானும் விசாரித்ததில்லை, விசாரணை கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாலும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் போன் அடித்தது. எடுத்தாள். "எக்ஸ்பிரஸ் எதுல வருது?" என்று அவர் கேட்டது ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. மைக்கம்மா ஒரு கையால் மைக்கைத் தட்டி, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எக்ஸ்பிரஸ் மூன்றாவது பிளாட்பாரத்தில் வரும் என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, இன்னொரு கையால் போனை வைத்துவிட்டாள். கேள்வி காதில் விழுந்தால் வாய் தானாக மைக்குக்குப் போகும். அத்தனை வருஷத்துப் பழக்கம்.

சிறிது நேரத்தில் யார்டுக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். "கேட்டது நான்! போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறது நான்! பதிலை எதுக்கு மைக்குக்குச் சொல்றீங்க? அங்கே என்ஜின் சத்தத்துல உங்க ஸ்பீக்கர் ஒரு மண்ணும் கேக்காது. ஒவ்வொரு தடவையும் நீங்க டொக்குனு வச்சுடுவீங்க, நான் இன்னொருத்தருக்குப் போன் போட்டுக் கெஞ்சணும். ஊருக்கெல்லாம் சொல்றீங்க, கேட்டவனுக்குக் குடுக்க மாட்டேங்கறீங்க!"

வழக்கமாக என்றால் மைக்கம்மா பதிலுக்கு எகிறுவாள். அன்றைக்கு எழுந்து நின்றாள். கண் இரண்டும் விரிந்துபோயிருந்தன.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"கேட்டவனுக்குக் குடுக்க மாட்டேங்கறீங்கன்னு சொன்னீங்களே, அதை."

அவர் என்னைப் பார்த்தார். இந்தம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்கிற பார்வை. அவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா, இதுதான் ரிட்டர்ன்! கேள்வி எந்தப் பக்கம் இருந்து வந்துச்சோ அந்தக் காதுக்கே பதில் போகணும். அப்பத்தான் அவர் அதை வச்சு அடுத்த வேலையைப் பாக்க முடியும். நான் மைக்குல சொன்னது தப்பில்ல. ஆனா அது வேற வேலை!" என்றவள், அவர் பக்கம் திரும்பி, "மூணாவது பிளாட்பாரம். மன்னிச்சிடுங்க, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து" என்றாள். யார்டுக்காரருக்குச் சண்டையை எந்த இடத்தில் தொடர்வது என்று தெரியவில்லை. "சரி, சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை அவள் இரண்டு மெத்தட் எழுதினாள். ஒன்று இன்ட்: சத்தமே போடாமல் பிளாட்பாரம் எண்ணைக் கேட்ட இடத்துக்குக் கொடுத்துவிடும். இன்னொன்று வாய்ட்: முதலாவதிடம் எண்ணை வாங்கித் திரையில் அறிவிக்கும், யாருக்கும் ஒன்றும் திருப்பிக் கொடுக்காது. ஓட்டினாள். இரண்டும் வேறு வேறு பிளாட்பாரம் என்று திரை ஒப்புக்கொண்டது. அதோடு விட்டாளா?

"டீச்சர், எது வருதோ அதைக் குடுத்துட்டுப் போகட்டுமே. என்ன மாதிரிப் பொருள்னு முன்னாலயே எதுக்கு எழுதணும்?"

"வாங்க வர்றவங்க பாத்திரம் கொண்டு வரணுமா, பை கொண்டு வரணுமான்னு தெரிய வேண்டாமாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

அன்றிலிருந்து எங்கள் ஸ்டேஷனில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொருவருக்கும் ரிட்டர்ன் டைப் குறித்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தாள். பெருக்குகிற அம்மா வாய்ட். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால்தான் வாய்டின் அருமை தெரியும் என்றாள். டிக்கெட் பரிசோதகர் பூலியன். டீக்கடைக்காரரிடம் டீ கேட்டால் டீயும் கூடவே தன் மாமியார் கதையும் கொடுக்கிறாராம், ஒரு மெத்தட் ஒரே ஒரு பொருளைத்தான் கொடுக்கலாம் என்பதால் அவர் செல்லாது. என்னைப் பற்றிக் கேட்டேன். "நீங்க ஸ்ட்ரிங் அண்ணா. ஆமா இல்லைன்னு முடிய வேண்டிய கேள்விக்கும் ஒரு பிரசங்கம் பண்ணாம விட மாட்டீங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் இவ்வளவு சிரித்திருக்க வேண்டியதில்லை.

தேர்வு நாளும் வந்தது. ஒரு ரயில் இன்னொரு ரயிலுக்கு இடைஞ்சலா என்று கேட்டால் பதில் தரும் மெத்தட் எழுதச் சொன்னார்கள். பூலியன் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசித்தாளாம். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை சந்தோஷப்பட்டேன், என் சொந்தப் பெண் தேறின மாதிரி.

ஆனால் உத்தரவு வரவில்லை. எங்கள் மேலாளர் நல்ல மனுஷர். யாருக்கும் கசப்பானதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. மைக்கம்மா போய்க் கேட்கும்போதெல்லாம் உட்காரச் சொல்வார், நலம் விசாரிப்பார். பிறகு "மேல எழுதியிருக்கேன்மா" என்பார். "நல்லதையே நினைப்போம்" என்பார். வழவழ கொழகொழ என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார். முதலில் அவள் வெளியே வந்து, "இன்னிக்கும் ஸ்ட்ரிங்தான் அண்ணா" என்று சிரித்தாள். போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

மெஷின் வந்து பெட்டி பிரிக்காமல் நடைமேடையில் கிடந்த நாட்களில், அவள் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்கு வந்தாள். கவுன்ட்டர் முன்னால் நின்று, மற்றப் பயணிகளைப் போலவே, கம்பி வழியாக என்னிடம் கேட்டாள்.

"மாமா, எங்கம்மா போறாங்களா, இல்லையா?"

"அம்மாவையே கேளேன்டா கண்ணு."

"தினம் கேக்கறேன். 'எல்லாம் நல்லபடியா நடக்கும், நீ படி'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடறாங்க. நான் கேட்டது அதுவா? அம்மா போறாங்கன்னா நான் இங்கேயே இருந்து அப்பாவைப் பாத்துக்கணும். இல்லேன்னா அழாம தூங்கணும். எதுக்கு மனசைத் தயார் பண்றதுன்னே தெரியல மாமா."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மைக்கம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, என்கூட மேல வர்றீங்களா?" என்றாள். கவுன்ட்டரை மூடிவிட்டுப் போனேன்.

மேலாளர் எங்களைக் கண்டதும், "வாங்க, வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். அவள் உட்காரவில்லை.

"சார், எனக்கு இங்கே இடம் உண்டா, இல்லையா?"

"பாருங்கம்மா, தலைமை அலுவலகத்துல இப்ப..."

"சார், நீங்க என் மனசு நோகக்கூடாதுன்னுதான் இப்படிப் பேசறீங்க. அது எனக்குத் தெரியும். நானும் வீட்டுல என் பொண்ணுகிட்ட அதையேதான் பண்ணிட்டிருந்தேன், இப்பத்தான் உறைச்சுது. நான் கேட்டதுக்கு ஆமான்னோ இல்லைன்னோதான் பதில் வர முடியும். எதுவா இருந்தாலும் வாங்கிக்கறேன் சார். குடுத்துடுங்க."

மேலாளர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"இல்லம்மா" என்றார். "ஒரே ஒரு இடம். அங்கேயே இருந்த ஒருத்தரை எடுத்துட்டாங்க. எனக்கு முன்னாலயே தெரியும். சொல்ல வாய் வரல."

 எனக்கு அந்த அறையை அப்படியே தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம். அவள் தலையாட்டினாள்.

"என் புரோகிராம் சரியா ஓடிச்சா சார்?"

"முழு மார்க்கும்மா."

"அப்படியா! தேங்க்ஸ் சார்" என்றாள். நிஜமாகவே அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். அப்பேர்ப்பட்டவள் அவள்.

படியிறங்கும்போது என் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். முழு மார்க் வாங்கினவளைப் பார்சல் மூட்டைக்குக் காவல் போடுகிறார்களே, உருப்படுவார்களா என்றேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"விடுங்க அண்ணா. இத்தனை நாளும் கையில ஒண்ணுமே இல்ல, எதை வச்சு யோசிக்கறது? இப்ப ஒண்ணு இருக்கு. இதை வச்சுக்கிட்டு அடுத்ததைப் பாக்கலாம்" என்றாள். 

மகள் கவுன்ட்டர் எதிரில் பெஞ்சில் காத்திருந்தாள். மைக்கம்மா தன் அறைக்குப் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"போறேன்டா. நான் மட்டும். நீயும் அப்பாவும் இங்கேயே இருங்க."

 மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "சரிம்மா" என்று அழுகைக்கு நடுவில் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு இரண்டு பேரும் ஏதேதோ பேச ஆரம்பித்தார்கள். யார் சமைப்பது, எந்த வாரம் வருவது, அந்த ஷெட்டில் கம்ப்யூட்டர் இருக்குமா என்றெல்லாம்.

சாயங்கால வண்டி வருகிற நேரம் ஆகிவிட்டது. ஸ்பீக்கர்கள் சத்தமில்லாமல் இருந்தன. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக என் கவுன்ட்டருக்கு வர ஆரம்பித்தார்கள். வரிசை வாசல்வரை நீண்டது. பெஞ்சுப் பக்கம் நான் திரும்பவே இல்லை. கம்பியருகே குனிந்து, வந்த ஒவ்வொருவரிடமும், நாலாவது பிளாட்பாரம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.